ராசாவும் கேட்டு வரவேண்டிய வீடு

என் மனைவியின் பழைய கடித உறைக்குள் இன்னொரு ஆணின் படம் இருக்கிறது என்பது எனக்குப் பன்னிரண்டு வருடங்களாகத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான்.

மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோதுதான் அந்த மண்ணிற உறை கையில் அகப்பட்டது. அலுமாரியில், அவளுடைய சேலைகளுக்கு அடியில் இருந்தது. மேலே அவளுடைய பெயரை அவளே எழுதியிருந்தாள். மகளுடைய சான்றிதழ் அதற்குள் இருக்க நியாயமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்தேன். பள்ளிக்கூடப் பெறுபேறு ஒன்று, திருமுழுக்குச் சான்றிதழ் ஒன்று, அதற்கும் கீழே அந்தப் படம்.

கறுப்பு நீளக் கோட்டுப் போட்ட ஒல்லியான ஆள். வாரி விட்ட அடர்ந்த தலைமுடி. பக்கத்தில் வெள்ளைத் தூண்கள் வட்டமாக நிற்கிற சின்ன மண்டபம், அதைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர். படத்தின் மற்றப் பாதியில், மரங்களுக்குப் பின்னால், வெளிர்க் கல்லில் கட்டிய சதுரமான வீடு. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு. மடித்து மடித்து அந்தக் கோடு வெளுத்தே போயிருந்தது. பின்பக்கத்தில் நீல மையில் ‘வெர்சாய், பிரான்ஸ்’ என்று எழுதியிருந்தது.

எத்தனை தரம் மடித்து விரித்தால் ஒரு படத்தில் அப்படியொரு கோடு விழும் என்று அன்றைக்கு இரவு முழுக்க யோசித்தேன். செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருப்பாள், பூசைக்குப் போகிற இடமெல்லாம் கொண்டு திரிந்திருப்பாள் என்று முடிவு கட்டினேன்.

ஆள் யாரென்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எங்களுக்குக் கலியாணம் முடிந்த மூன்றாம் மாதமே மாமி சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. “பிரான்சில இருந்தும் ஒரு பேச்சு வந்தது தம்பி. படமும் வந்தது. பொடியனுக்குக் கார்ட் இல்லையெண்டு இவர்தான் வேண்டாமெண்டிட்டார்.” கார்ட் என்றால் அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டை. மாமாவுக்கு அந்த அட்டை முக்கியம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் முதலில் படம் வரவேண்டும். சம்பளம் என்ன, படிப்பு என்ன என்று யாரும் கடிதத்தை நம்ப மாட்டார்கள், படத்தை நம்புவார்கள். அதனால் ஒருவன் கோபுரத்துக்கு முன்னால் நிற்பான், ஒருவன் அரண்மனைக்கு முன்னால் நிற்பான், ஒன்றும் கிடைக்காதவன் காரில் சாய்ந்து நிற்பான். நான் ஒன்றும் கிடைக்காதவன். ஹவுன்ஸ்லோவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம்தான் யாழ்ப்பாணம் போனது. மாமா அதைப் பார்த்துவிட்டு, “லண்டன் மாப்பிள்ளை சொந்தக் கார் வைச்சிருக்கிறார்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். அப்போது எனக்கு லைசென்ஸ்கூட இல்லை. ஆக, அவனிடம் கார்ட் இல்லை, என்னிடம் கார் இல்லை. மாமா ஏமாந்தது என்னிடம். இந்தக் களவுதான் என் பொறாமைக்கு அடியில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. நியாயமாக வென்றவனுக்குப் பொறாமை வராது.

இதெல்லாம் சாம்பலுக்குள் கிடந்த நெருப்பாக அப்படியே கிடந்திருக்கும். போன வருடம் மாதா திருநாளில் அவனே நேரில் வந்து நின்றான்.

பூசை முடிந்து கோயில் வளவுக்குள் எல்லோரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்றுகொண்டிருந்தோம். ஒரு ஆள் நேரே என் மனைவியிடம் வந்து, “நீங்கள் மாஸ்டரிட மூத்த மகள்தானே?” என்றார். மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என் மாமா. பிரான்சை விட்டு வந்து லண்டனில் பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கத்தில் மாபிள் பதிக்கிற வேலை எடுத்துச் செய்கிறாராம். மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார். என்னிடமும் கை தந்தார். ஆனால் அந்தத் தலைமுடி! ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதனுக்கு அவ்வளவு முடி என்னத்துக்கு? நான் என் தொப்பியைக் கழற்றவே இல்லை.

“வெர்சாய்ப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாருங்கோ அண்ணை,” என்று போகிறபோது என்னைப் பார்த்துச் சொன்னார். “அரண்மனையை விடுங்கோ. உள்ளுக்கை ராணியிட சின்ன மாளிகை ஒண்டு இருக்கு. அதுதான் வடிவு.”

அண்ணையாம். அவருக்கு என்னைவிட இரண்டு வயதாவது கூட இருக்கும். என் மனைவி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் வெள்ளி விழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் ஆட்களுக்கு இருபத்தைந்தாம் வருடம் என்றால் ஒரு முறை இருக்கிறது. பூசையில் குருவானவர் பெயர் வாசிப்பார், பிறகு மண்டபம், கேக், இருநூறு பேருக்குச் சாப்பாடு, திரும்பவும் கலியாணச் சேலை. சவுத்தாலில் மண்டபம் பார்ப்போமா என்று கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மண்டபம் வேண்டாம். வெர்சாய்க்குப் போவம்.”

“எங்கை?”

“வெர்சாய்க்கு. அரண்மனைக்குள்ளை போகத் தேவையில்லை. தோட்டமும் அந்தச் சின்ன மாளிகையும் போதும்.”

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? தலைக்குள் மட்டும், பார்த்தாயா, பார்த்தாயா என்று ஒருவன் இருந்து கத்தினான்.

மே மாதத்தில் போனோம். விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றுகிற வேலை எனக்கு, மூன்று நாள் லீவு எடுத்தேன். பாரிசில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை வீடு இருக்கிறது. அங்கே தங்காமல் ஹோட்டலில் தங்கவேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். அந்தத் தங்கை இன்றைக்கும் எங்களோடு கதைப்பதில்லை.

காலையில் ரயிலேறி வெர்சாயில் இறங்கினால், அரண்மனை வாசலில் பாம்பு மாதிரி வரிசை. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்து வாசலால் தோட்டத்துக்குள் புகுந்து, சிலைகளையும் வெட்டி வைத்த செடிகளையும் தாண்டி, நீளக் கால்வாய்க் கரையால் விறுவிறு என்று நடந்தாள். ஹவுன்ஸ்லோவில் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தாலே முழங்கால் நோகிறது என்கிறவள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். இந்த முழங்காலை எல்லாம் யார் சுகமாக்கினது என்று எனக்குத் தெரியாதா?

அரை மணித்தியாலம் நடந்து போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. சின்ன மாளிகைகள் மத்தியானம்தான் திறப்பார்களாம். உள்ளுக்குள் எனக்கு ஒரு அற்ப சந்தோசம்.

“உம்மட ஆள் இதைச் சொல்லேல்லையோ?” வாய் தவறி வந்துவிட்டது.

“எந்த ஆள்?”

“ஒண்டுமில்லை.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கால்வாய்க் கரையில் துண்டை விரித்து, பையிலிருந்து ரோல்ஸும் பிளாஸ்கும் எடுத்தாள். விடிய நாலரைக்கு ஹோட்டலில் எழும்பிப் பொரித்தாளா என்று கேட்காதீர்கள். லண்டனில் பொரித்து, தாளில் சுற்றி, கடலுக்கு அடியால் ரயிலில் கொண்டு வந்த ரோல்ஸ். ஆறிப்போனாலும் நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒன்றே ஒன்று சாப்பிட்டாள். கண் அந்தப் பக்கத்து மரங்களிலேயே இருந்தது. நான் கோபத்தில் ஐந்து சாப்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் திறந்தார்கள். முதலில் பெரிதாக இருந்த மாளிகை. சின்னது என்று பெயர்தான், இளஞ்சிவப்பு மாபிள் தூண்களும் கறுப்பு வெள்ளைத் தரையுமாக எங்கள் தெரு முழுவதையும் உள்ளே வைக்கலாம். மாபிளைக் கண்டதும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தரையைக் குனிந்து பார்த்தேன். பொருத்து ஒன்று சரியாக இல்லை என்று பட்டது, மனம் கொஞ்சம் ஆறியது. அவள் பத்து நிமிடத்தில் அதை முடித்துக்கொண்டு, “மற்றதுக்குப் போவம்,” என்றாள்.

மற்றதுதான் ராணியின் மாளிகை. சதுரமான, வெளிர்க் கல் வீடு. பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தின் மற்றப் பாதியில் மரங்களுக்குப் பின்னால் நின்ற வீடு இதுதான்.

வாசலில் ஆளுக்கொரு கருவி தந்தார்கள். காதில் வைத்தால் ஆங்கிலத்தில் கதை சொல்லும். பளிச்சென்ற படிக்கட்டால் ஏறி, சாப்பாட்டு அறை, இருக்கை அறை என்று போனோம். ஒரு குட்டி அறைக்குள் போனபோது அவள் அசையாமல் நின்றுவிட்டாள். அங்கே யன்னல்களை மூடுவதற்குச் சுவரளவு கண்ணாடிகள் இருக்கின்றன. கீழ்த்தட்டிலிருந்து ஆட்கள் கைப்பிடியைச் சுழற்றினால் அவை மேலே எழும்பி யன்னலை மறைத்துவிடும். உள்ளே ராணி என்ன செய்கிறாள் என்று வெளியில் இருந்து ஒரு காக்கை குருவிகூடப் பார்க்க முடியாது. இந்த வீட்டில் எல்லாமே ராணியின் கட்டளைப்படிதான் நடந்ததாம். கணவன்தானே, நாட்டுக்கே ராசாதானே, அவன்கூட அவள் அழைத்தால்தான் இங்கே வருவானாம். விருந்தாளி மாதிரி வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவானாம்.

நான் சிரித்தேன். “கேட்டீரே? பாவம் மனுசன்.”

அவள் சிரிக்கவில்லை. கருவியில் பொத்தானை அழுத்தி அந்தப் பகுதியைத் திரும்பக் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தரம் கேட்டாள். மூன்றாம் தரமும் அழுத்தினபோது எனக்குப் பொறுக்க முடியவில்லை.

“அதிலை என்ன கிடக்கு இவ்வளவு?”

“பொறுங்கோ,” என்றாள், கையைக் காட்டி.

பொறுத்தேன். பின்னால் வந்த சீனக் கூட்டம் முழுவதும் எங்களைத் தாண்டிப் போகும் வரைக்கும் பொறுத்தேன். அந்த ராசாவும் இப்படித்தான் எங்கேயாவது ஒரு மூலையில் நின்றிருப்பான் என்று நினைத்தேன். எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது, ராணி மேல் கோபம் வந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன பெண்ணோடு எனக்கென்ன சண்டை? ஆனால் அன்றைக்கு நான் யாரோடும் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தேன்.

பிறகு தோட்டத்தால் நடந்து ராணியின் விளையாட்டுக் கிராமத்துக்குப் போனோம். குளத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கூரை வேய்ந்த வீடுகள். ராணிக்குக் குடியானவப் பெண் மாதிரி இருந்து பார்க்க ஆசை வந்ததாம், கட்டிக் கொடுத்தார்களாம். புதுச்சுவர் பழசாகத் தெரியவேண்டும் என்று வெடிப்புகளைத் தூரிகையால் கீறி வைத்தார்களாம்.

“எங்கட பாத்ரூம் வெடிப்பை மறைக்க நான் மூண்டு தரம் பூசினனான்,” என்றேன். “இவை காசு குடுத்துக் கீறியிருக்கினம்!”

அப்போதுதான் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரி, எல்லாம் என் மனப்பிராந்தி, இனி ரயிலேறி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

“இனி அந்த மண்டபத்தைப் பாப்பம்,” என்றாள்.

“எந்த மண்டபம்?”

“வட்டமா, தூண் வைச்ச மண்டபம். தண்ணிக்கு நடுவிலை.”

குளிர்ந்த உச்சி திரும்பவும் கொதித்தது.

வழிகாட்டிப் பலகையில் அதன் பெயர் இருந்தது. காதல் கோயில். கோயிலாம்! காதலாம்! பலகையை இரண்டு தரம் வாசித்தேன். ஓடைக்கு நடுவே சின்னத் தீவு, அதில் வெள்ளைத் தூண்கள், மேலே குவிந்த கூரை. படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது, அந்தக் கறுப்புக் கோட்டு மட்டும்தான் இல்லை. இந்த இடத்தில்தான் கால் வைத்திருப்பான், இந்தப் புல்லில்தான் நின்று தலைவாரியிருப்பான்.

அவள் கைப்பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தாள்.

பன்னிரண்டு வருடம் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. “இதை ஏன் கொண்டு வந்தனீர்?” என்று கேட்டேன். சத்தம் கூடிப்போயிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் நாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

அவள் படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அந்த ஆள் பின்பக்கம் போனான். மண்டபமும் போனது. மிச்சம் இருந்தது மரங்களும் அந்தச் சதுர வீடும் மட்டும். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஓடைக் கரையால் இரண்டடி இடப்பக்கம் போனாள், பிறகு கொஞ்சம் பின்னால் வந்தாள். மரங்களுக்கு ஊடாக நாங்கள் ஏறிப் பார்த்த மாளிகை தெரிந்தது.

“அந்த மேல் யன்னல்,” என்றாள். “வலப்பக்கம் இருக்கிறது. படத்திலை அது மட்டும் திறந்து கிடக்கு. அது ஆரின்ர அறையெண்டு பாக்கத்தான் வந்தனான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இந்தப் படம் வரேக்கை நாங்கள் இடம்பெயர்ந்து பெரியப்பா வீட்டிலை இருந்தனாங்கள். நாலு குடும்பம், ஒரு வீடு. நான் படுத்த அறையிலை பதினொரு பேர். உடுப்பு மாத்திறதெண்டால் ரெண்டு பேர் சேலை பிடிக்கவேணும். அப்பா இந்தப் படத்தைக் கொண்டுவந்து, மாப்பிள்ளையைப் பார் எண்டவர். நான் இந்த வீட்டைப் பாத்தனான். இதிலை எத்தினை பேர் இருப்பினம் எண்டு கேட்டன். ஒரு ராணி தனிய இருந்தவா எண்டு கடிதத்திலை எழுதியிருந்துது. தனிய.” அந்தச் சொல்லை அவள் இரண்டாம் தரம் மெல்லச் சொன்னாள். “அண்டையிலை இருந்து இவரை மடிச்சுப்போட்டுத்தான் பாக்கிறனான். ஆளிட முகம் எனக்கு நினைவில்லை. கோயிலிலை வந்து கதைச்சபோதும் ஆரெண்டு பிடிபடேல்லை. நீங்கள் தொப்பியை இழுத்து விட்டதைப் பாத்துத்தான் ஓ, இவரோ எண்டு நினைச்சன்.”

வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை. ஆனாலும் விட முடியவில்லை. எப்படியும் உடைந்துவிட்டது, முழுவதும் உடையட்டும் என்று, “அந்தச் சிவப்புக் கார் என்ரையில்லை,” என்றேன். இருபத்தைந்து வருடக் களவை அப்படித்தான் ஒப்புக்கொண்டேன், காதல் கோயிலுக்கு முன்னால், வேர்த்து விறுவிறுத்து.

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“படத்தைப் பாத்த அண்டைக்கே தெரியும். காரில சாஞ்சு நிக்கிறவை எல்லாம் கார்த் திறப்பை விரல்லை கொழுவிக் காட்டுவினம். நீங்கள் காரிலை தொடாமல் ஒரு சாண் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிண்டனீங்கள். இந்த மனுசன் மற்றவையிட சாமானிலை கை வைக்காது எண்டு நினைச்சன். அப்பாவுக்குக் கார் பிடிச்சுது. எனக்கு அந்த ஒரு சாண் பிடிச்சுது.”

இதைக் கேட்ட அந்த இரண்டு விநாடி இருக்கிறதே, அதுதான் என் வாழ்க்கையிலேயே நான் அடைந்த பெரிய வெற்றி. பிரான்ஸ்காரனைத் தோற்கடித்துவிட்டேன். முடி இருந்தென்ன, மாபிள் இருந்தென்ன? நெஞ்சை நிமிர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“ஆனா கை வைச்சனீங்கள்,” என்றாள். “என்ர பேர் எழுதின உறையிலை.”

நிமிர்த்தின நெஞ்சை இறக்கினேன்.

“படத்தைத் தலைகீழா வைச்சிருந்தீங்கள். அண்டைக்கே கண்டன். கேப்பீங்கள், கேப்பீங்கள் எண்டு இருந்தன். கேக்கேல்லை.” கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கடைச் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். “லண்டனுக்கு வாறன் எண்டதும் ஒரு அறை கிடைக்கும் எண்டு நினைச்சனான். முதல் உங்கட தம்பி ஆறு வருசம். பேந்து அவரிட சிநேகிதன். பேந்து உங்கட அக்காவின்ர மகன். இப்ப ஆரும் இல்லையெண்டால் உங்கட சாமான். எனக்கெண்டு இருந்தது அந்த உறை ஒண்டுதான்.” படத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். “இந்த இருபத்தைஞ்சு வருசத்திலை நான் பூட்டின ஒரே கதவு பாத்ரூம் கதவு. அதையும் ஆராவது தட்டிக்கொண்டுதான் இருப்பீங்கள்.”

ஓடையில் ஒரு தாரா குஞ்சுகளோடு நீந்திப் போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“கடைசியிலை அந்த ராணியிட தலையை எடுத்துப்போட்டினம் தெரியுமே?” என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

“தெரியும்,” என்றாள். “அதுக்கு முதல் கொஞ்சக் காலம் இருந்தாதானே.”

திரும்பி வருகிற ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். கைப்பை அவள் மடியில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. நான் அந்தப் பக்கமே கையைக் கொண்டு போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மேல்மாடிச் சின்ன அறையைத் திறந்தேன். ஊருக்கு அனுப்பவென்று சேர்த்த சாமான்கள் கூரை வரைக்கும் கிடந்தன. பழைய அரிசி அவிப்பான் இரண்டு, கம்பளிகள், தம்பி விட்டுப்போன பிரிண்டர், யாருக்கோ வாங்கி அளவு பிழைத்த சப்பாத்துகள். இரண்டு நாளில் எல்லாவற்றையும் இறக்கினேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். வெடிப்பு ஒன்று இருந்தது, அதைப் பூசலாமா விடலாமா என்று கேட்டேன். விடுங்கோ என்றாள். கதவுக்குப் பூட்டுப் போட்டு, இரண்டு திறப்பையும் அவள் கையில் கொடுத்தேன். ஒன்றை எனக்குத் திருப்பித் தருவாள் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். இரண்டையும் கைப்பைக்குள் போட்டாள்.

கதிரை ஒன்றும் சின்ன மேசை ஒன்றும் அவளே போய் வாங்கி வந்தாள். பின்னேரம் வேலை முடிந்து வந்தால் நேரே மேலே போய்விடுவாள். ஒரு மணித்தியாலம், சில நாளில் இரண்டு. உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பாட்டுக் கேட்டது, சினிமாப் பாட்டில்லை, அவளே மெல்லப் பாடினது. அவளுக்குப் பாட்டு வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மற்ற நாட்களில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டைவிடச் சத்தமில்லாத நாட்கள்தான் என்னைக் கொல்கின்றன. பிரான்ஸ்காரனை மறந்தே போனேன். இப்போது எனக்குப் பொறாமை அந்தக் கதிரை மேல். அந்த வெறும் சுவர் மேல். நான் இல்லாத இடத்தில் அவள் சந்தோசமாக இருக்கிறாள், அதுவும் என் வீட்டுக்குள்ளேயே, நான் வெள்ளை அடித்துக் கொடுத்த அறைக்குள்ளேயே. பொறாமை சுகமாகிவிட்டது என்று சொன்னால் பொய்.

நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியில் கை வைக்கவில்லை. ஒரு சாண் தள்ளி நின்று, மெல்லத் தட்டினேன்.

“ஆர்?”

மகளும் வெளியில் போயிருந்தாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

“நான்தான். உள்ளுக்கை வரட்டே?”

கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். பிறகு கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

“இப்ப வேண்டாம். வாசல்லை வையுங்கோ.”

வைத்தேன். நாலு படி கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்தேன். பூட்டுத் திறந்தது, வளையல் கை ஒன்று வந்து கோப்பையை எடுத்தது, கதவு திரும்பவும் சாத்திக்கொண்டது.

நாளைக்கும் போய்க் கேட்பேன்.